“வேண்டாம் அனுப்பிடுங்க”: இரண்டு சொற்களில் திசைமாறிய ஒரு கையேடு

ஓர் இயந்திரத்தின் பயன்பாட்டுக் கையேடு 400 பிரதிகள் அச்சாகி, கட்டுக்கட்டாக அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அதன் 14ஆம் பக்கத்தில் இருக்கக் கூடாத அட்டவணை இருப்பது தெரிந்தது. இயந்திரம் எத்தனை மணி நேரம் ஓடிய பிறகு வடிகட்டியை மாற்ற வேண்டும் என்று சொல்லும் அட்டவணை அது. பொறியியல் பிரிவினர் அந்த இடைவெளிகளைக் குறைத்துப் புதிய அட்டவணையை முறைப்படி அனுப்பியிருந்தார்கள்; அது உரிய கோப்புறையில் உரிய பெயரில் இருந்தது; அச்சுக்குப் போனதோ பழையது. இதில் மறதி என்று யாரையும் சொல்ல முடியாது, அலட்சியம் என்றும் சொல்ல முடியாது. கேட்க வேண்டியவர் கேட்டார், சொல்ல வேண்டியவர் சொன்னார், போதாததற்கு இருவரும் ஒருவருக்கொருவர் உறுதியும் செய்துகொண்டார்கள். எல்லாம் 11 நிமிடங்களில், ஐந்து குறுஞ்செய்திகளில் முடிந்தது.

இந்த ஆய்வை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம், நான் அந்தக் கையேட்டில் வேலை செய்யாதவன், ஆனால் அதே வாட்ஸ்அப் குழுவில் இருந்தவன் என்பதுதான். இதில் என் பங்கையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஐந்து செய்திகளையும் அன்று மாலையே நான் படித்தேன். புதிய அட்டவணைதான் போகிறது என்று எண்ணிக் கைபேசியை வைத்துவிட்டேன். வேறொரு பொருள் இருக்கக்கூடும் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை.

பரிமாற்றம்

மாலை 6:42, வடிவமைப்பாளர்: “மேடம் ப.14 அட்டவணை புதுசு வந்திருக்கு மாத்தவா இல்ல பழையதே இருக்கட்டுமா”

6:43, வடிவமைப்பாளர்: “7 மணிக்குள்ள பிரஸ்ஸுக்கு அனுப்பணும்”

6:51, பதிப்பாசிரியர்: “வேண்டாம் அனுப்பிடுங்க”

6:52, வடிவமைப்பாளர்: “அப்படியே அனுப்பிடறேன்”

6:53, பதிப்பாசிரியர்: “சரி.”

பதிப்பாசிரியர் அப்போது வேறொரு கூட்டத்தில் இருந்தார். அவர் சொல்ல நினைத்தது: பழைய அட்டவணை வேண்டாம், புதியதைப் போட்டு அனுப்பிவிடுங்கள். வடிவமைப்பாளர் எடுத்துக்கொண்டது: மாற்ற வேண்டாம், இருப்பதை இருக்கிறபடி அனுப்பிவிடுங்கள். அடுத்து அவர் எழுதிய “அப்படியே அனுப்பிடறேன்” என்பதில், “அப்படியே” என்றால் அவருக்கு “மாற்றாமல்” என்று பொருள். பதிப்பாசிரியருக்கோ “நீங்கள் சொன்னபடியே” என்று பொருள். ஒரு குழப்பத்தைச் சரிபார்க்கப் போன செய்தியே அதே குழப்பத்தை இரண்டாம் முறை மூடி மறைத்துவிட்டது என்பதுதான் இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்திய இடம்.

முதலில் சந்தேகிக்கப்பட்டவை

பிழை தெரிந்த அன்றே மேலிடத்திலிருந்து வந்த கருத்து, “எல்லோரும் சுருக்கெழுத்தை விட்டுவிட்டு, நிறுத்தற்குறி போட்டு ஒழுங்காக எழுதுங்கள்” என்பதாக இருந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிகழ்வோடு வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை.

சுருக்கத்தை எடுத்துக்கொள்வோம். இந்தப் பரிமாற்றத்தில் உள்ள ஒரே சுருக்கக் குறி “ப.14” என்பதுதான். அதை இருவரும் 14ஆம் பக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்; அதில் சிறு சிக்கலும் எழவில்லை. சுருக்கெழுத்து பொதுவாகவே இப்படித்தான்: இரு தரப்பிடமும் ஒரே அகராதி இருக்கும்வரை அது எவ்வளவு குறுகினாலும் தெளிவாகவே இருக்கும். அமெரிக்கத் தந்தியாளர் வால்டர் பிலிப்ஸ் 1879இல் வெளியிட்ட தந்திக் குறியீட்டு நூலைக் கொண்டு, செய்தி நிறுவனங்களின் தந்தியாளர்கள் நீண்ட செய்திகளைச் சில எழுத்துகளின் கூட்டாகச் சுருக்கி அனுப்பினார்கள். மறுமுனையில் இருந்தவர் அதே நூலைக் கற்றவர் என்பதால் முழு வாக்கியம் பிசகாமல் வெளிவந்தது. அமெச்சூர் வானொலியில் இன்றும் “73” என்றால் “அன்பான வாழ்த்துகள்” என்று எந்த நாட்டவருக்கும் புரியும். சுருக்கம் தவறுவது, ஒருவரிடம் உள்ள அகராதி மற்றவரிடம் இல்லாதபோதுதான்.

அடுத்தது நிறுத்தற்குறி. கால்புள்ளி ஒன்று இருந்திருந்தால் போதுமே என்று அலுவலகத்தில் பலரும் சொன்னார்கள். போட்டுப் பார்த்தேன்.

“வேண்டாம், அனுப்பிடுங்க.” இப்போதும் இரண்டு பொருளும் அப்படியே நிற்கின்றன. “வேண்டாம். அனுப்பிடுங்க.” என்று இரண்டு வாக்கியமாக வெட்டினாலும் மாற்றமில்லை. “வேண்டாம்; அனுப்பிவிடுங்கள்” என்று எழுத்துத் தமிழுக்கு ஏற்றி, அரைப்புள்ளியும் வைத்துப் பார்த்தாலும், எது வேண்டாம், எதை அனுப்புவது என்ற கேள்விகளுக்கு விடை கிடைப்பதாயில்லை. காரணம், இங்கே விடுபட்டது குறி அன்று; பெயர்ச்சொல்.

தமிழ் இதற்கு இடம் கொடுக்கும் மொழி. எழுவாயையும் செயப்படுபொருளையும் சொல்லாமல் விட்டாலும் வினைமுற்று வாக்கியத்தை முடித்துவிடும். “பார்த்தாச்சு”, “கொடுத்துட்டேன்”, “வேண்டாம்” என்று நாள் முழுக்கப் பேசுகிறோம், யாரும் தடுமாறுவதில்லை. பேச்சில் தடுமாறாததற்குக் காரணம் மொழி மட்டுமல்ல. எதிரே இருப்பவர் எந்தக் காகிதத்தைத் தொட்டுக் கேட்கிறார் என்பது தெரிகிறது, கேள்வி முடிந்த கணத்தில் பதில் வருகிறது, முகத்தில் ஒரு சுளிப்பு தெரிந்தால் “எதைச் சொல்றீங்க?” என்று திருப்பிக் கேட்க முடிகிறது. அதே வாக்கியத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவரும்போது இவை எல்லாம் கழன்றுவிடுகின்றன. விடுபட்ட பெயர்ச்சொல்லின் இடம் மட்டும் காலியாக நிற்கிறது, படிப்பவர் தம் மனத்தில் இருப்பதை எடுத்து அதில் வைத்துக்கொள்கிறார்.

இங்கே அந்தக் காலி இடம் இன்னும் அகலமானதற்குக் கேள்வியின் அமைப்பும் ஒரு காரணம். “மாத்தவா இல்ல பழையதே இருக்கட்டுமா” என்பது ஒரே மூச்சில் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள். “மாத்தவா” என்பதற்கு “வேண்டாம்” என்றால் பழையது நிற்கிறது. “பழையதே இருக்கட்டுமா” என்பதற்கு “வேண்டாம்” என்றால் புதியது வருகிறது. பதிப்பாசிரியர் கடைசியாகக் கேட்டதற்குப் பதில் சொன்னார், பேச்சில் எல்லோரும் செய்வதுபோல. வடிவமைப்பாளருக்கோ முதல் கேள்விதான் கேள்வி; இரண்டாவது வெறும் வால். 7 மணிக்கு முன் கோப்பை அனுப்ப வேண்டிய நெருக்கடியில், வேலை குறைவான பொருளே அவருக்கு முதலில் தென்பட்டது என்பதையும் அவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

இந்த ஐந்து செய்திகளை, விவகாரம் தெரியாத வேறு பிரிவினர் சிலரிடம் காட்டி, எந்த அட்டவணை அச்சுக்குப் போயிருக்கும் என்று கேட்டேன். சிலர் பழையது என்றார்கள், சிலர் புதியது என்றார்கள். இரண்டாகவும் படிக்கலாம் என்று ஒருவர்கூட முதலில் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு பொருள், அதுவும் தெளிவான பொருள்.

எழுதுபவரின் நிலையும் இதுவேதான். 2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி உள்ளிட்ட நால்வர் வெளியிட்ட ஆய்வொன்றில், கிண்டலாகச் சொன்னதா, உண்மையாகச் சொன்னதா என்பதை மின்னஞ்சல் வழியாகக் கண்டுபிடிக்கச் சொன்னபோது, படித்தவர்கள் ஏறக்குறையக் காசு சுண்டிப் பார்த்த அளவுக்குத்தான் சரியாகச் சொன்னார்கள். அனுப்பியவர்களோ தாங்கள் சொன்னது நன்றாகவே புரிந்திருக்கும் என்று நம்பினார்கள். எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அது எழுத்தோடு சேர்ந்து போகவில்லை என்பது நமக்கு உறைப்பதில்லை. பதிப்பாசிரியரிடம் அந்தச் செய்தியைத் திரும்பக் காட்டியபோது, “வேண்டாம்” என்பதை அழுத்தி, ஒரு நொடி நிறுத்தி, “அனுப்பிடுங்க” என்று வாய்விட்டுப் படித்துவிட்டு, “தெளிவாத்தானே இருக்கு?” என்றார். அவர் படித்த விதத்தில் தெளிவாகத்தான் இருந்தது.

அந்தப் புள்ளி

நிறுத்தற்குறியை இவ்வளவு தூரம் விடுவித்துவிட்டேன். ஆனால் அதற்கும் இந்த நிகழ்வில் ஒரு பங்கு உண்டு. அது யாரும் எதிர்பார்த்த இடத்தில் இல்லை.

6:53க்கு வந்த “சரி.” என்ற செய்தியைப் பார்த்தபோது வடிவமைப்பாளருக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. பொறியியல் பிரிவு மெனக்கெட்டுப் புதிய அட்டவணை அனுப்பியிருக்கும்போது பழையதையே ஏன் போடச் சொல்கிறார் என்று எண்ணி, “பழைய அட்டவணைதானே மேடம்?” என்று தட்டச்சு செய்திருக்கிறார். பிறகு அழித்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். “புள்ளி வெச்சு சரின்னு போட்டிருந்தாங்க. கோவமா இருக்காங்கன்னு நினைச்சேன்” என்றார். அனுப்பப்படாத அந்தச் செய்தியில்தான் விடுபட்ட பெயர்ச்சொல் இருந்தது. அது போய்ச் சேர்ந்திருந்தால் 400 பிரதிகளும் சரியாக வந்திருக்கும்.

இது அவருடைய மிகையான கூச்சம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் செலியா க்ளின் தலைமையிலான குழு 126 மாணவர்களைக் கொண்டு செய்து 2015இன் இறுதியில் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது: ஒரு கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் வந்த பதில் முற்றுப்புள்ளியோடு முடிந்தால், புள்ளி இல்லாத அதே பதிலைவிட அது மனப்பூர்வம் குறைந்ததாகப் படிக்கப்பட்டது. அதே வாசகங்களைக் கையால் எழுதிய குறிப்புகளாகக் காட்டியபோது அந்த வேறுபாடு இல்லை. அதாவது புள்ளிக்குள் கடுமை எதுவும் இல்லை. கடுமை ஊடகத்திலிருந்து வருகிறது. செய்தியில், அனுப்பு விசையை அழுத்துவதே வாக்கியத்தை முடித்துவிடுகிறது, குமிழியின் விளிம்பே முற்றுப்புள்ளியின் வேலையைச் செய்துவிடுகிறது. வேலை போன குறியை ஒருவர் அப்படியும் எடுத்து வைக்கிறார் என்றால், அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று படிப்பவர் மனம் தேடுகிறது.

பதிப்பாசிரியரிடம் காரணத்தைக் கேட்டபோது கிடைத்த பதில் கொஞ்சம் சிரிப்பை வரவழைத்தது. அவர் புள்ளி வைக்கவே இல்லை. சில கைபேசி விசைப்பலகைகளில் இடைவெளி விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முற்றுப்புள்ளி தானாக விழும். சொல்லை முடித்ததும் இருமுறை தட்டுவது அவருடைய விரலுக்குப் பழகிவிட்டது. அவருடைய பழைய செய்திகளைப் பின்னோக்கிப் பார்த்தேன். “நன்றி.” “வாழ்த்துகள்.” “நாளை லீவு.” பெரும்பாலும் புள்ளிதான். அவரோடு ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் எங்களுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை. வடிவமைப்பாளர் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ஒரு குறியின் பொருள் அதைப் பயன்படுத்தும் இருவரின் கடந்த காலத்தில் இருக்கிறது என்பதை நீதிமன்றமே எடைபோட்ட வழக்கு ஒன்று உண்டு. கனடாவின் சஸ்காட்சுவான் மாநிலத்தில், ஆளிவிதை வாங்கும் நிறுவனம் ஒன்று 2021 மார்ச்சில் ஒப்பந்தத்தின் படத்தைக் கைபேசியில் அனுப்பி, உறுதிசெய்யுமாறு ஒரு விவசாயியைக் கேட்டது. அவர் கட்டைவிரல் உயர்த்திய எமோஜியைத் திருப்பி அனுப்பினார். விளைச்சல் வந்து சேரவில்லை, இதற்குள் விலையும் ஏறியிருந்தது, வழக்கு நடந்தது. ஒப்பந்தம் கிடைத்தது என்று மட்டுமே விரலைக் காட்டினேன் என்றார் விவசாயி. 2023இல் வந்த தீர்ப்பு அதை ஒப்புதல் என்றே கொண்டு, 82,000 கனடிய டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. அந்த முடிவுக்கு நீதிபதி எமோஜிக்கு அகராதி சொல்லும் பொருளை மட்டும் பார்க்கவில்லை. இதே இருவருக்கும் இடையே முன்பு நடந்த ஒப்பந்தங்களில் “ஓகே” என்றும் “யப்” என்றும் ஒரு சொல்லில் வந்த பதில்களுக்குப் பிறகு சரக்கு வந்து சேர்ந்திருந்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். எங்கள் நிகழ்வில் அப்படிப் பார்க்க முன்கதை எதுவும் இல்லை. பதிப்பாசிரியரின் “சரி.” நெடுநாள் பழகிய குழுவுக்கு எழுதப்பட்டது, படித்தவர் புதியவர்.

இடம் போதவில்லையா?

சுருக்கமாக எழுதும் பழக்கம் இடநெருக்கடியில் பிறந்தது என்று சொல்வார்கள். அதுவும் ஓரளவு உண்மை. 1992 டிசம்பர் 3ஆம் தேதி பொறியாளர் நீல் பாப்வொர்த் அனுப்பிய உலகின் முதல் குறுஞ்செய்தி ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. அந்த முறையில் ஒரு செய்திக்கு 140 பைட், அதாவது 1,120 பிட் இடம். 7 பிட்டில் அடங்கும் ரோமன் எழுத்துகளென்றால் 160, தமிழ் போன்ற எழுத்துகளென்றால் 16 பிட் வீதம் 70. அந்த 70உம் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. “வேண்டாம்” என்பது நமக்கு நான்கெழுத்து. கணினிக்கு வகரம், ஏகாரக் குறி, ணகரம், புள்ளி, டகரம், கால், மகரம், புள்ளி என்று எட்டு.

ஆகவே எண்ணிப் பார்த்தேன். “வேண்டாம் அனுப்பிடுங்க” இடைவெளியோடு சேர்த்து 21 குறிகள். “பழைய அட்டவணை வேண்டாம், புதியதைப் போட்டு அனுப்பிடுங்க” என்பது 52. எந்தக் குழப்பத்துக்கும் இடம் தராத அந்த வாக்கியம் பழைய 70 குறி வரம்புக்குள்ளேயே சௌகரியமாக அடங்குகிறது. இடம் இருந்தது, அன்று அவருக்கு இல்லாதது கூட்டத்தின் நடுவே மேசைக்கடியில் தட்டச்சு செய்ய இன்னும் பத்து வினாடி.

குறி உதவக்கூடிய இடங்கள்

நிறுத்தற்குறியே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆ, ஓ போன்ற வினா எழுத்துகள் சொல்லின் இறுதியில் ஒட்டிக்கொள்வதால் “அனுப்பினீங்களா” என்பதற்குக் கேள்விக்குறி இல்லாவிட்டாலும் குறையில்லை. ஆனால் பேச்சில் குரலை உயர்த்தி மட்டும் கேட்கும் கேள்விகள் உண்டு. “பிரஸ்ஸுக்குப் போயாச்சு” என்று குறியில்லாமல் வந்தால் அது தகவலா, விசாரணையா என்பதை யாராலும் சொல்ல முடியாது. அங்கே கேள்விக்குறி ஒன்றுதான் குரல். அதேபோல, எதிர்மறைக் கேள்விக்கு வரும் ஒற்றைச் சொல் பதிலும் பொல்லாதது. “கோப்பு இன்னும் வரலையா” என்பதற்கு “இல்ல” என்று பதில் வந்தால், இல்லை வரவில்லை என்றும் கொள்ளலாம், இல்லையில்லை வந்துவிட்டது என்றும் கொள்ளலாம். இதற்குக் குறி எதுவும் உதவாது. “வந்துடுச்சு” அல்லது “வரல” என்று வினையைச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு மாற்றியவை

பிழை தெரிந்த வாரம் ஒரு கூட்டம் போட்டோம். நிறுத்தற்குறி கட்டாயம் என்ற முன்மொழிவை மேலே சொன்ன காரணங்களுக்காக எதிர்த்தேன்; கட்டாயமாக்கினால் எல்லோருடைய “சரி”யிலும் புள்ளி விழும், புதிதாக வருகிறவர்கள் எல்லோரையும் கோபக்காரர்களாக நினைப்பார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அதற்குப் பதிலாக ஒப்புக்கொண்டது எளிமையானது: “இதுவா அதுவா” என்ற கேள்விக்குப் பதில் சொல்பவர், ஆம், வேண்டாம், சரி ஆகியவற்றைத் தனியாக விடாமல், தேர்ந்தெடுத்த பொருளின் பெயரைப் பதிலில் எழுத வேண்டும், கேட்பவரும் முடிந்தவரை ஒரு செய்திக்கு ஒரு கேள்வியாகக் கேட்க வேண்டும். அச்சுக்கு அனுப்புவதுபோல் திரும்பப் பெற முடியாத காரியங்களுக்குச் செய்தியோடு நிற்காமல் தொலைபேசியில் ஒருமுறை பேசிவிடுவது என்றும் முடிவாயிற்று. அனுப்பிய செய்தியைத் திருத்தும் வசதி 2023 முதல் வாட்ஸ்அப்பில் 15 நிமிடம் வரை இருக்கிறது. அதை எழுத்துப்பிழைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பொருள் மாறுகிறதென்றால் புதிய செய்தியாகவே அனுப்பச் சொன்னோம். ஏற்கெனவே படித்துவிட்டு வேலையைத் தொடங்கியவர் திரும்பவும் மேலே போய்ப் பார்ப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த விதி சில இடங்களில் சலிப்பூட்டுகிறது. “மதியம் கூட்டத்துக்கு வரீங்களா” என்பதற்குக்கூட “மதியக் கூட்டத்துக்கு வரேன்” என்று ஒருவர் எழுதத் தொடங்கினார். அது தேவையில்லை என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பதிப்பாசிரியர் விரல் பழக்கத்தை மாற்றிக்கொள்ள முயன்று தோற்று, கடைசியில் விசைப்பலகை அமைப்பில் அந்த வசதியையே அணைத்துவிட்டார்.

400 பிரதிகளையும் திரும்ப அச்சிடாமல், 14ஆம் பக்கத்தில் வைக்க ஒரு திருத்தச் சீட்டு தயாரித்தோம். அதன் முதல் வரைவு, “பக்கம் 14இல் உள்ளதற்குப் பதிலாகக் கீழுள்ளதைப் பயன்படுத்தவும்” என்ற வரியோடு குழுவுக்கு வந்தது. அட்டவணையோ அந்த வரிக்கு மேலே இருந்தது. வடிவமைப்பாளர்தான் முதலில் கவனித்தார். “மேடம் சீட்டுல அட்டவணை மேல இருக்கு. கீழுள்ளதைங்கறதை எடுத்துட்டு மேலுள்ள அட்டவணையைன்னு மாத்தவா?” என்று கேட்டிருந்தார். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: “ஆமா மேலுள்ள அட்டவணையைன்னு மாத்திட்டு மாத்தினதை அனுப்புங்க”